செத்த பிறகுதான் சட்டமா? கார்ப் பந்தயத்தின் மறுபக்கம்

'டமார்' என்று ஒரு சத்தம். அடுத்த விநாடி, பனைமர உயரத்துக்கு ஒரு நெருப்புப் பந்து எழும்பியது.

2020-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி இரவு. இடம்: பஹ்ரைன் நாடு. 'பார்முலா 1' என்னும் உலகப் புகழ் பெற்ற கார்ப் பந்தயம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதல் சுற்று கூட முடியவில்லை.

ரொமேன் குரோஜான் என்ற பிரெஞ்சு வீரரின் கார், இன்னொரு காரின் சக்கரத்தில் இடித்தது. தடம் மாறிப் பாய்ந்து, மணிக்கு 192 கி.மீ. வேகத்தில், ஓரத்து இரும்புத் தடுப்பில் மோதியது. தடுப்பு கிழிந்தது. கார் இரண்டு துண்டாயிற்று. பின்பாதி இந்தப் பக்கம் கிடந்தது. முன்பாதி, உள்ளே இருந்த மனிதரோடு, தடுப்புக்குள் செருகிக்கொண்டு எரிந்தது.

அந்த மோதலின் அதிர்ச்சி, ஆளின் எடையைப் போல 67 மடங்கு. எழுபது கிலோ மனிதர் ஒருவர் அந்தக் கணத்தில் 4,600 கிலோவுக்கு மேல் கனத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

டெலிவிஷனில் பார்த்துக் கொண்டிருந்தவர்கள் 'ஆள் போய்விட்டார்' என்றே நினைத்தார்கள்.

ஆள் போகவில்லை.

சுமார் 28 விநாடி கழித்து, தீக்குள்ளே ஓர் உருவம் எழுந்து நின்றது. ஒரு காலில் ஜோடு இல்லை. கைகள் வெந்திருந்தன. ஓடிவந்த டாக்டர் ஒருவர் அவரைப் பிடித்துத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்தார்.

குரோஜானுக்கு மூன்று குழந்தைகள். எழுந்திருக்க முயன்று முடியாமல், 'இதுதான் முடிவு' என்று ஒரு கணம் உட்கார்ந்து விட்டதாகவும், குழந்தைகளின் நினைவு வந்ததும் மறுபடி முயன்று, சிக்கியிருந்த காலைப் பிடுங்கிக் கொண்டு எழுந்ததாகவும் அவர் பிறகு சொன்னார்.

எப்படிப் பிழைத்தார்? கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லலாம். ஆனால், கடவுளுக்குக் கை கொடுத்த சாமான்கள் சில உண்டு. தீப்பிடிக்காத உடை, தலைக்கவசம், கழுத்தைக் காக்கும் பட்டை, தலைக்கு மேல் வளைந்து நிற்கும் ஓர் உலோக வளையம், பந்தயக் கார்களின் பின்னாலேயே வந்த டாக்டரின் கார். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அன்று பிணம்தான் வந்திருக்கும்.

இந்தச் சாமான்கள் சும்மா வந்து விடவில்லை, வாசகர்களே. யாரோ ஒருவர் செத்த பிறகுதான் ஒவ்வொன்றும் வந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தச் சாவுகளில் பலவற்றை முன்கூட்டியே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். கேட்பவர்கள்தான் இல்லை.

கடன் வாங்கிய ஸ்பானர்

1966-ம் ஆண்டு. பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்னும் ஊர். அங்கே அந்தக் காலத்தில் தனிப் பந்தயப் பாதை கிடையாது. ஊருக்கு ஊர் போகும் சாதாரண சாலைதான் பந்தயப் பாதை. ஓரத்தில் மரம் இருக்கும், வீடு இருக்கும், கம்பம் இருக்கும். ஒரு சுற்று 14 கி.மீ.

பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில் பலத்த மழை. கார்கள் வழுக்கிச் சிதறின. ஜாக்கி ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கார் சாலையை விட்டுப் பாய்ந்து நொறுங்கியது. அவர் கால்களை ஸ்டீயரிங் சக்கரம் அழுத்திக் கொண்டது. பெட்ரோல் தொட்டி உடைந்து, உடம்பெல்லாம் பெட்ரோல். ஒரு பொறி விழுந்தால் போதும்!

காப்பாற்ற யார் வந்தார்கள்? அதிகாரிகளா? இல்லை. அதே இடத்தில் வழுக்கி விழுந்த வேறு இரண்டு ஓட்டுநர்கள் வந்தார்கள்: கிரகாம் ஹில், பாப் பாண்டுரன்ட். ஸ்டீயரிங்கைக் கழற்ற அவர்களிடம் ஸ்பானர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் கடன் வாங்கினார்கள். ஸ்டூவர்ட்டை வெளியே எடுப்பதற்குள் சுமார் 25 நிமிடம் ஆயிற்று.

முதலுதவி நிலையத்தில் அவரைத் தரையில் கிடத்தினார்கள். சுற்றிலும் சிகரெட் துண்டுகள். பிறகு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆம்புலன்சுக்கு வழி தப்பிவிட்டது!

உலகமே வியக்கும் பந்தயம். லட்சக்கணக்கில் பணம் புரளும் தொழில். அதில் ஒரு ஸ்பானருக்கு வழி இல்லை.

குணமாகி வந்த ஸ்டூவர்ட், அன்று முதல் ஒரு ஸ்பானரைத் தன் காரிலேயே ஒட்டி வைத்துக் கொண்டார். பந்தயங்களுக்குத் தன் செலவில் டாக்டரை அழைத்து வந்தார். 'மரங்களுக்கு முன்னால் தடுப்பு வையுங்கள். தீயணைக்கப் பயிற்சி கொடுங்கள். டாக்டர் வையுங்கள்' என்று ஒவ்வொரு மைதானமாகப் போய்க் கேட்டார்.

கிடைத்த பதில் என்ன தெரியுமா? 'கோழை' என்ற பட்டம்! உயிருக்குப் பயப்படுகிறவனுக்குப் பந்தயம் எதற்கு என்றார்கள்.

1968 ஏப்ரல் 7-ந் தேதி, ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் என்ற இடத்தில், ஸ்டூவர்ட்டின் நண்பரும் அந்தக் காலத்தின் தலைசிறந்த ஓட்டுநருமான ஜிம் கிளார்க் மாண்டார். அவர் கார் பாதையை விட்டு விலகி, மரங்களில் மோதியது. மரங்களுக்கு முன்னால் தடுப்பு இல்லை.

அதன் பிறகுதான் மற்ற ஓட்டுநர்களும் ஸ்டூவர்ட்டின் பக்கம் திரும்பினார்கள். 1969-ல் ஸ்பாவில் பந்தயம் நடக்கவில்லை. 1970-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஓட மறுத்தார்கள். பந்தயம் வேறு ஊருக்கு மாறியது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் அல்லவா? அதேதான் இது. கார் ஓட்டும் கோடீசுவரர்கள் செய்ததால் பெயர்தான் வேறு.

தாமும் மனைவி ஹெலனும் பந்தயத்தில் பறிகொடுத்த நண்பர்களை எண்ணிப் பார்த்தபோது 57 பேர் வந்ததாக ஸ்டூவர்ட் சொல்லியிருக்கிறார். ஒரு குடும்பம் இத்தனை சாவுக்குப் போவது யுத்த காலத்தில்தான் நடக்கும்.

ஒரே ஒருவர் ஓடினார்

இதைப் படிக்கும்போது மனம் பதறும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1973 ஜூலை 29. ஹாலந்து நாட்டில் சாண்ட்வூர்ட் மைதானம். ரோஜர் வில்லியம்சன் என்ற ஆங்கிலேய இளைஞருக்கு அது இரண்டாவது பெரிய பந்தயம். வயது 25. அவருடைய கார் தடுப்பில் மோதி, தலைகீழாகக் கவிழ்ந்து, தேய்த்துக் கொண்டே போய் நின்றது. தீப்பிடித்தது. பெரிய தீ அல்ல, முதலில் சிறிய தீதான்.

வில்லியம்சனுக்கு அடியும் பலமில்லை. உயிரோடு, நினைவோடு, காருக்கு அடியில் சிக்கியிருந்தார்.

பின்னால் வந்த டேவிட் பர்லி என்ற ஓட்டுநர் அதைக் கண்டார். தன் காரை ஓரம் கட்டினார். பந்தயம் நடந்துகொண்டிருக்கும் பாதையைக் குறுக்கே கடந்து ஓடினார். கவிழ்ந்த காரைத் தனியாளாகப் புரட்ட முயன்றார். உள்ளே இருந்து வில்லியம்சனின் குரல் கேட்டது. முடியவில்லை. தீயணைக்கும் கருவியைப் பிடுங்கி அடித்தார். அது காலியாகிவிட்டது. திரும்பவும் காரைத் தள்ளினார்.

பக்கத்தில் நின்ற மைதான ஊழியர்களுக்குத் தீ தாங்கும் உடை இல்லை. அதனால் நெருங்க முடியவில்லை. உதவ வந்த ஜனங்களைக் காவலர்கள் தடுத்தார்கள். கடந்து போன மற்ற ஓட்டுநர்களோ, நடு ரோட்டில் நின்று கையசைக்கும் பர்லிதான் எரிகிற காரின் சொந்தக்காரர், தப்பி வந்துவிட்டார் என்று எண்ணிக் கொண்டு ஓட்டிச் சென்றார்கள்.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பர்லி தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டு அப்பால் நடந்து போகும் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அவருக்குப் பிரிட்டிஷ் அரசு வீரப் பதக்கம் கொடுத்தது. அவர் கேட்டது பதக்கத்தை அல்ல. கூட இரண்டு கைகளைத்தான்.

இன்னொரு விஷயம். இதே சாண்ட்வூர்ட்டில், 1970-ல், பியர்ஸ் கரேஜ் என்ற மற்றொரு ஓட்டுநரும் காரோடு தீக்கு இரையாகியிருந்தார். மூன்று வருஷம் இடையில் இருந்தது. நாலு பேருக்குத் தீ தாங்கும் சட்டை தைத்துக் கொடுக்க மூன்று வருஷம் போதாதா?

பின்னால் வந்த டாக்டர்

1978-ல் இத்தாலியில் மான்சா மைதானத்தில், பந்தயம் தொடங்கிய உடனேயே பல கார்கள் மோதிக் கொண்டன. ரோனி பீட்டர்சன் என்ற ஸ்வீடன் வீரருக்கு இரண்டு கால்களும் ஒடிந்தன. நினைவு இருந்தது, பேசினார். உயிருக்கு ஆபத்தில்லை என்றே நினைத்தார்கள். ஆனால் ஆம்புலன்ஸ் வருவதற்கு வெகு நேரம் ஆயிற்று. மறுநாள் காலை பீட்டர்சன் இறந்துவிட்டார்.

அப்போது பந்தய டாக்டராக இருந்தவர் சிட் வாட்கின்ஸ். லண்டனில் மூளை ஆபரேஷன் நிபுணர். விபத்து நடந்த இடத்துக்கு அவர் ஓடியபோது, போலீசார் அவரையே தடுத்து நிறுத்தினார்கள்!

வாட்கின்ஸ் பொங்கி எழுந்தார். 'மயக்க மருந்து டாக்டர் வேண்டும், ஹெலிகாப்டர் வேண்டும், பந்தயத்தின் முதல் சுற்று முழுவதும் கார்களின் பின்னாலேயே டாக்டரின் கார் போக வேண்டும்' என்று கறாராகச் சொன்னார். முதல் சுற்றில்தான் கார்கள் நெருக்கியடித்துக் கொண்டு ஓடும். விபத்தும் அப்போதுதான் அதிகம்.

42 வருஷம் கழித்து, பஹ்ரைனில், முதல் சுற்றில் குரோஜானின் கார் எரிந்தபோது, டாக்டர் சில விநாடிகளில் அங்கே நின்றார் அல்லவா? அது வாட்கின்ஸ் போட்ட பிள்ளையார் சுழி.

பன்னிரண்டு வருஷ நிம்மதி

1982-க்குப் பிறகு பார்முலா 1 பந்தய நாட்களில் 12 வருஷம் ஒரு சாவும் இல்லை. 'கார் இப்போது கெட்டியாகிவிட்டது, இனிப் பயமில்லை' என்ற எண்ணம் வந்துவிட்டது.

1994 ஏப்ரல் 30. இத்தாலியில் இமோலா மைதானம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரோலண்ட் ரட்சன்பெர்கர் மாண்டார். மறுநாள் மே 1-ந் தேதி. பிரேசில் நாட்டின் செல்லப் பிள்ளை, மூன்று முறை உலக சாம்பியன், அயர்டன் சென்னா மாண்டார். மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் வந்த கார் சுவரில் மோதி, உடைந்த சக்கரத்தின் இணைப்புக் கம்பி அவர் தலைக்கவசத்தைத் துளைத்தது. வெற்றி பெற்றால் அசைத்துக் காட்டுவதற்காக, முந்தின நாள் இறந்தவரின் நாட்டுக் கொடியைத் தன் காருக்குள் மடித்து வைத்திருந்தார் சென்னா.

சென்னாவுக்காக ஒரு தேசமே அழுதது. ரட்சன்பெர்கரின் பெயரைப் பலர் மறந்துவிட்டார்கள். புகழ் இல்லாதவர் மட்டும் இறந்திருந்தால் இவ்வளவு சீர்திருத்தம் நடந்திருக்குமா என்பது என் சந்தேகம். காரின் வேகம் குறைக்கப்பட்டது. ஓட்டுநரின் இருக்கையைச் சுற்றிப் பக்கச் சுவர் உயர்ந்தது. ஆபத்தான வளைவுகள் வெட்டித் திருத்தப்பட்டன.

தலை மட்டும் நிற்காது

பஸ் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகிறது? பஸ் நிற்கிறது; நாம் முன்னால் போய் விழுகிறோம். பந்தயக் காரில் ஓட்டுநரின் உடம்பை வார் போட்டு இறுகக் கட்டிவிடுவார்கள். தலையைக் கட்ட முடியாது. கார் சுவரில் மோதினால், கார் நிற்கும், உடம்பும் நிற்கும். தலை மட்டும் அதே வேகத்தில் முன்னால் பாயும். மண்டையோடு கழுத்தோடு சேரும் இடத்தில் பிளந்துவிடும். வெளியே ரத்தக் காயம் கூட இல்லாமல் ஆள் இறந்துவிடுவார்.

இதற்கு மருந்து கண்டவர் ராபர்ட் ஹப்பர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர். பந்தயம் ஓட்டும் தன் மைத்துனருடன் சேர்ந்து 1980-களிலேயே ஒரு கருவி செய்தார். தோளில் மாட்டும் பட்டை. அதையும் தலைக்கவசத்தையும் இணைக்கும் இரண்டு சிறு வார்கள். தலை முன்னால் பாயாமல் இழுத்துப் பிடிக்கும். அதன் பெயர் 'ஹான்ஸ்'.

யார் வாங்கினார்கள்? மிகச் சிலரே. 'தோளில் உறுத்துகிறது, திரும்பிப் பார்க்க முடியவில்லை' என்று மற்றவர்கள் ஒதுக்கினார்கள். 2000-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவின் 'நாஸ்கார்' பந்தயத்தில் மூன்று ஓட்டுநர்கள் இறந்தார்கள். ஒருவருக்கு வயது 19. அப்போதும் கட்டாயம் ஆக்கவில்லை.

2001 பிப்ரவரி 18. டேட்டோனா நகரத்துப் பெரும் பந்தயம். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. பார்ப்பதற்குப் பெரிய விபத்தாகவே தெரியவில்லை. அவர் நடத்திய குழுவின் கார்தான் முதலில் வந்தது. மகன் இரண்டாவது வந்தார். தந்தை காருக்குள் பிணமாக இருந்தார். மண்டையோட்டின் அடியில் முறிவு. ஹான்ஸ் அணியவில்லை.

எட்டே மாதத்தில் நாஸ்கார் கழுத்துக் காப்பைக் கட்டாயம் ஆக்கியது. 2003-ல் பார்முலா 1-ம் ஆக்கியது. நாஸ்காரின் முதல்தரப் பந்தயத்தில் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக ஓர் ஓட்டுநர் கூடப் பலியாகவில்லை. வேண்டாம் என்று மூலையில் போட்ட பட்டை இது!

வேண்டாம் என்றவரைக் காத்த வளையம்

சாமி படங்களில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போடுவார்கள் அல்லவா? அதற்கு ஆங்கிலத்தில் 'ஹாலோ' என்று பெயர். ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் டைட்டானியம் வளையத்துக்கும் அதுதான் பெயர். சுமார் 12 டன் பாரத்தைத் தாங்கும்.

2018-ல் இது கட்டாயம் ஆனபோது ஒரே கூச்சல். 'காரின் அழகு போச்சு' என்றார்கள். 1976-ல் நெருப்பில் வெந்து மறுபிழைப்புப் பிழைத்த நிக்கி லாடா கூட எதிர்த்தார். எதிர்த்தவர்களில் இன்னொருவர் பெயரைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். ரொமேன் குரோஜான்!

பஹ்ரைனில் இரும்புத் தடுப்பு அவர் தலையைச் சீவாமல் தாங்கியது அந்த வளையம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, 'அன்று நான் வேண்டாம் என்றேன். அது இல்லாவிட்டால் இன்று உங்களிடம் பேச மாட்டேன்' என்ற பொருளில் அவர் பேசி வெளியிட்டார். ஒப்புக்கொள்ளும் மனம் எல்லோருக்கும் வராது. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பிள்ளைகள் விஷயம்

நம் ஊருக்கும் இந்தப் பேச்சு தூரமானது அல்ல. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா 1-ல் ஓடிய முதல் இந்தியர். 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதைப் பார்க்காத வீடு உண்டா? அவர் காயமின்றி இறங்கி நடந்தார்.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தய மைதானத்தில், 2023 ஜனவரியில், 59 வயது அனுபவசாலியான ஓட்டுநர் ஒருவர் கார் விபத்தில் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில், அதே மைதானத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒரு பையன் விழுந்து இறந்தான். பெங்களூரைச் சேர்ந்தவன். வயது 13.

இரண்டு வருஷத்துக்கு முன், 2021-ல், ஐரோப்பாவில் 14, 15, 19 வயதுகளில் மூன்று பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் இறந்திருந்தார்கள். அதன் பிறகு உலகப் போட்டிகளில் ஓட்டுநரின் குறைந்தபட்ச வயதை உயர்த்தினார்கள். பெரியவர் தன் உயிரைப் பணயம் வைப்பது அவர் பாடு. பதின்மூன்று வயதுப் பையன் சார்பில் முடிவு செய்வது யார்? தகப்பனாரா, பந்தயம் நடத்துகிறவரா? இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

மறுபடியும் அதே கிரேன்

இனி, எல்லாவற்றிலும் என்னைத் திகைக்க வைத்த சம்பவம்.

2014 அக்டோபர் 5. ஜப்பானில் சுசூகா மைதானம். மழை. ஒரு கார் வழுக்கி ஓரத்தில் நின்றது. அதைத் தூக்க கிரேன் ஒன்றை உள்ளே அனுப்பினார்கள். பந்தயம் நிற்கவில்லை, மஞ்சள் கொடி மட்டும் காட்டினார்கள். ஜூல் பியாங்கி என்ற 25 வயது பிரெஞ்சு வீரரின் காரும் அதே இடத்தில் வழுக்கியது. நேரே போய் கிரேனுக்கு அடியில் மோதியது. ஒன்பது மாதம் நினைவின்றிக் கிடந்து, 2015 ஜூலையில் அவர் இறந்தார்.

சென்னாவுக்குப் பிறகு பார்முலா 1 பந்தயத்தில் பறிபோன முதல் உயிர் அது. காருக்கு மூடியே போட்டிருந்தாலும் பியாங்கியைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று விசாரணை செய்த நிபுணர்கள் சொன்னார்கள். அதாவது, காரில் எதைப் பூட்டினாலும் பயனில்லை. கார்கள் ஓடும்போது கிரேன் அங்கே இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

2022 அக்டோபர் 9. அதே சுசூகா. அதே மழை. மோதி நின்ற ஒரு காரை எடுக்க, பாதைக்குள் கிரேன் வந்தது. மற்ற கார்களைப் பிடிக்க வேகமாக வந்த பியர் காஸ்லி என்ற வீரர், எதிரே ஒன்றும் தெரியாத நீர்ப் புகையில், அந்த கிரேனை ஒட்டிக் கடந்து போனார். சற்று விலகியிருந்தால்?

இறங்கி வந்த காஸ்லி ஆத்திரத்தில் கொதித்தார். எட்டு வருஷத்துக்கு முன் இதே ஊரில் நடந்ததை மறந்துவிட்டார்களா என்று கேட்டார். சிவப்புக் கொடி காட்டிய பிறகும் வேகமாகப் போனதற்காக அவருக்கும் அபராதம் விதித்தார்கள். தவறு அவரிடமும் உண்டுதான். ஆனால் கிரேன் அவர் அனுப்பியது அல்ல.

அன்றே ஜூல் பியாங்கியின் தந்தை, ஓட்டுநரின் உயிருக்கும் மரியாதை இல்லை, தன் மகனின் நினைவுக்கும் மரியாதை இல்லை என்று எழுதி வெளியிட்டார்.

பந்தயத்தை நடத்தும் உலக சம்மேளனம் விசாரணை நடத்தியது. அன்றைய வானிலையில் கிரேனை அனுப்புவதற்குச் சற்றுப் பொறுத்திருக்கலாம் என்று அதன் அறிக்கை சொன்னது.